ஜெர்மனியில் தன்னார்வ ஆண்டு: விசா, வசிப்பு அனுமதி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாரத்துக்கு நாலு பேராவது வாட்ஸ்அப்பில் இதே கேள்விகளைக் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் குரல் செய்தி அனுப்பி அலுத்துப்போய்த்தான் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன். நான் 2022-ல் சென்னையில் விசா எடுத்து, ஹெஸ்ஸன் மாநிலத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் ஒரு வருஷம் தன்னார்வப் பணி செய்தேன். இப்போது இங்கேயே நர்சிங் படிக்கிறேன். வக்கீல் இல்லை, ஏஜென்ட்டும் இல்லை. கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

அக்கா, எஃப்எஸ்ஜே, பிஎஃப்டினு ரெண்டு சொல்றாங்களே, ரெண்டும் ஒண்ணுதானா?

செய்யும் வேலையைப் பார்த்தால் பெரிய வித்தியாசம் இல்லை. முதியோர் இல்லம், ஆஸ்பத்திரி, கிண்டர்கார்ட்டன், மாற்றுத்திறனாளிகள் இல்லம் மாதிரி இடங்களில்தான் இரண்டும். எஃப்எஸ்ஜே என்பது ‘தன்னார்வ சமூக ஆண்டு’, 1964-லிருந்து சட்டமாக இருக்கிறது, 27 வயது முடியாதவர்களுக்கு மட்டும். பிஎஃப்டி என்பது ‘கூட்டாட்சித் தன்னார்வப் பணி’. 2011-ல் ஜெர்மனி கட்டாய ராணுவ சேவையை நிறுத்திவைத்தபோது, ராணுவத்துக்குப் பதிலாக ஆஸ்பத்திரிகளில் வேலை பார்த்துக்கொண்டிருந்த பையன்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் இல்லாமல் போனார்கள். அந்த இடத்தை நிரப்பத்தான் அந்த வருஷம் ஜூலையில் இதை ஆரம்பித்தார்கள். இதற்கு வயது வரம்பு கிடையாது.

யாரோடு ஒப்பந்தம் போடுகிறீர்கள் என்பதில்தான் நமக்கு முக்கியமான வித்தியாசம். பிஎஃப்டியில் ஒப்பந்தம் ஜெர்மன் அரசோடு, அதாவது கொலோனில் இருக்கிற அரசு அலுவலகத்தோடு. எஃப்எஸ்ஜேயில் உங்களை ஏற்பாடு செய்து அனுப்பும் அமைப்போடு. வசிப்பு அனுமதிக்கு இரண்டும் ஒரே பிரிவுதான், வசிப்புச் சட்டம் 19சி. அந்தப் பிரிவில் ‘கொடுக்கலாம்’ என்று இருக்கிறது, ‘கொடுக்க வேண்டும்’ என்று இல்லை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கீழே மறுபடி வரும்.

மாசம் எவ்ளோ சம்பளம் வரும்?

சம்பளம் இல்லை, பாக்கெட் மணி. சட்டத்தில் உச்சவரம்பு உண்டு, 2025-க்கு அது மாதம் 644 யூரோ. இது அதிகபட்சம்தான், எல்லா இடத்திலும் இவ்வளவு கொடுப்பார்கள் என்று அர்த்தமில்லை. சில இடங்களில் தங்க அறையும் சாப்பாடும் தனியாகத் தருவார்கள், சில இடங்களில் அதற்கும் காசாகத் தருவார்கள். மருத்துவக் காப்பீடு, பென்ஷன் எல்லாவற்றுக்கும் நிறுவனமே முழுசாகக் கட்டிவிடும்.

ஒரு இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது பாக்கெட் மணியைவிட அறை தருகிறார்களா என்று பாருங்கள். அறை இல்லாத இடத்தில் வாடகை போக மிஞ்சுவதில் எப்படி வாழ்வீர்கள் என்று விசா அதிகாரி கண்டிப்பாகக் கேட்பார், அதற்கு உங்களிடம் பதில் இருக்காது. வீட்டுக்குப் பணம் அனுப்பலாம் என்ற எண்ணத்தில் யாரும் இதற்கு வராதீர்கள்.

விசா வேற, ரெசிடென்ஸ் பெர்மிட் வேறயா? விசா கிடைச்சா போதாதா?

வேறவேற. முதலில் சென்னையில் ‘டி’ விசா எடுக்க வேண்டும். நீண்டகாலத் தங்கலுக்கான தேசிய விசா அது, கட்டணம் 75 யூரோ, ரூபாயில் கட்டலாம். இது பெரும்பாலும் உள்ளே வந்து வேலையை ஆரம்பிக்கிற அளவுக்குத்தான் இருக்கும், பலருக்கு மூன்று மாதம், சிலருக்கு ஆறு, அதிர்ஷ்டம் இருந்தால் முழு வருஷமும். எவ்வளவு கொடுத்தார்கள் என்று ஸ்டிக்கரில் தேதி இருக்கும். அது பணிக்காலம் முழுவதையும் மூடாவிட்டால் மீதி நாட்களுக்கு நீங்கள் இருக்கும் ஊரின் வெளிநாட்டவர் அலுவலகத்தில் வசிப்பு அனுமதி எடுக்க வேண்டும். அது ஏடிஎம் கார்டு அளவில் ஒரு கார்டு, 100 யூரோ. நிறைய பேரின் நிறுவனமே இதைக் கட்டிவிடும், கேட்டுப் பாருங்கள்.

டூரிஸ்ட் விசால போய் அங்க மாத்திக்கலாம்னு ஃப்ரெண்ட் சொல்றான்...

முடியாது. அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, ஜப்பான் மாதிரி சில நாட்டு பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் விசா இல்லாமல் வந்து இங்கேயே விண்ணப்பிக்கலாம். உங்கள் ஃப்ரெண்ட் பார்த்த வீடியோ அவர்களுக்கானதாக இருக்கும். இந்திய, இலங்கை பாஸ்போர்ட்டுக்கு அந்த வசதி இல்லை.

ஜெர்மன் எவ்ளோ தெரியணும்? ஏ1 போதுமா?

ஏ1 என்பது மொழித் தேர்வின் ஆரம்ப நிலை, அதற்கு மேலே ஏ2, பி1, பி2 என்று போகும். சட்டத்தில் இந்த அளவு என்று எழுதிவைக்கவில்லை. ஆனால் எனக்குத் தெரிந்து போனவர்களில் ஏ2 சான்றிதழ் இல்லாமல் போனவர்கள் ரொம்பக் குறைவு. முதியோர் இல்லங்கள் பல இப்போது பி1 கேட்கின்றன. எனக்கு ஏ2 முடித்து பி1 பாதியில் இருந்தது. முதல் வாரம் 91 வயது பாட்டி ஒருவர் என்னிடம் ஏதோ கேட்டார். தண்ணீர் என்று நினைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் கேட்டது கழிவறைக்குக் கூட்டிப்போகச் சொல்லி. அதற்கப்புறம் நான் சான்றிதழுக்காகப் படிக்கவில்லை, அவருக்காகப் படித்தேன்.

இன்டர்வியூல என்ன கேப்பாங்க?

விஎஃப்எஸ்ஸில் (தூதரகத்துக்காக விசா விண்ணப்பங்களை வாங்கும் தனியார் மையம்) காகிதங்களைக் கொடுக்கும்போதோ, துணைத் தூதரகம் தனியாகக் கூப்பிட்டோ சில கேள்விகள் வரும். எங்கே வேலை, என்ன வேலை, அந்த ஊர் எந்த மாநிலம், எங்கே தங்குவீர்கள், ஏன் ஜெர்மனி. பாதி ஜெர்மனில்தான் இருக்கும். மோட்டிவேஷன் லெட்டரில், அதாவது ஏன் இதற்கு வருகிறேன் என்று விண்ணப்பத்தோடு வைக்கும் கடிதத்தில், எழுதியதை வாயால் சொல்ல முடியாமல் நிறைய பேர் இங்கேதான் மாட்டுகிறார்கள், ஏனென்றால் அது அவர்கள் எழுதியதே இல்லை.

கஷ்டமான கேள்வி ஒன்றுதான். “இந்தச் சேவையை இந்தியாவிலேயே செய்யலாமே?” இதற்கு ‘ஜெர்மன் கலாச்சாரம் பிடிக்கும்’ என்றால் அதிகாரி மேலே பார்க்கக்கூட மாட்டார். முடிந்ததும் நர்சிங் படிக்க ஆசை என்றால் அதை மறைக்காதீர்கள். அந்தத் துறை எனக்குச் சரிவருமா என்று ஒரு வருஷம் பார்க்கப் போகிறேன் என்று சொல்வது தப்பில்லை, இந்தத் திட்டத்தின் நோக்கமே பாதி அதுதான். எஞ்சினியரிங் முடித்து மூன்று வருஷம் ஐடியில் இருந்தவர் திடீரென்று கிண்டர்கார்ட்டனுக்குப் போகிறேன் என்றால்தான் சந்தேகம் வரும். அப்படிப்பட்டவர் நடுவில் என்ன நடந்தது என்பதை நேராகச் சொல்லத் தயாராக இருக்க வேண்டும்.

ஏஜென்ட் மூணு லட்சம் கேக்குறார், பிளேஸ்மென்ட் கேரண்டியாம். கொடுக்கலாமா?

வேண்டாம். பணி இடம் தேடுவதற்கு ஜெர்மனியில் பொதுவாகக் காசு வாங்குவதில்லை. செஞ்சிலுவை, காரிட்டாஸ், டியாகோனி மாதிரி பெரிய அமைப்புகளின் தளங்களில் நேராகவே விண்ணப்பிக்கலாம். நான் 40 இடத்துக்கு மெயில் அனுப்பினேன், 6 பேர் பதில் போட்டார்கள், 2 பேர் வீடியோ காலில் பேசினார்கள், ஒருவர் எடுத்துக்கொண்டார். செலவு பூஜ்யம்.

ஏற்கெனவே பணம் கொடுத்துவிட்டேன் என்கிறவர்கள் ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். முதல் பதிலில் சொன்ன மாதிரி பிஎஃப்டி என்றால் அரசு அலுவலகமும் அதில் ஒரு தரப்பு. வெறும் ‘ஆஃபர் லெட்டர்’ ஒன்று, கீழே ஒரு கம்பெனி சீல், அவ்வளவுதான் என்றால் அது ஒப்பந்தமே இல்லை. பணி இடத்தின் தொலைபேசி எண்ணை நீங்களாகத் தேடி எடுத்து (ஏஜென்ட் கொடுத்த எண் வேண்டாம்) உங்கள் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். போன வருஷம் ஒரு தம்பி அப்படிக் கேட்டபோது அங்கே அவன் பெயரே யாருக்கும் தெரியவில்லை.

வயசு 29 ஆயிடுச்சு. இனி முடியாதா?

எஃப்எஸ்ஜே முடியாது, பிஎஃப்டி முடியும். ஆனால் ‘கொடுக்கலாம்’ என்ற வார்த்தை வேலை செய்வது இங்கேதான். வயது கூடக்கூட இந்த ஆள் உண்மையிலேயே தன்னார்வலரா, வேலை விசா கிடைக்காமல் இந்த வழியில் வருகிறாரா என்று பார்ப்பார்கள். துறைக்குச் சம்பந்தமான ஏதாவது உங்கள் கையில் இருந்தால் பேச்சு வேற மாதிரி போகும்.

அம்மா, என் பொண்ணு செப்டம்பர்ல கிளம்புறா. இறங்கினதும் முதல்ல எங்க போகணும்?

முதல் வேலை முகவரிப் பதிவு, அன்மெல்டுங் என்பார்கள். குடிபுகுந்து இரண்டு வாரத்துக்குள் நகராட்சி அலுவலகத்தில் பதிய வேண்டும். அதற்கு வீடு கொடுத்தவர் கையெழுத்துப் போட்ட ஒரு தாள் வேண்டும், வாடகை ஒப்பந்தம் மட்டும் காட்டினால் பத்தாது. இல்லம் தரும் அறை என்றால் அந்த இல்லமே அந்தத் தாளைக் கொடுக்கும். இந்தப் பதிவு இல்லாமல் வரி எண் வராது, பேங்க் கணக்கு இழுக்கும், வெளிநாட்டவர் அலுவலகம் திரும்பிப் பார்க்காது.

அப்புறம் மருத்துவக் காப்பீடு. பணி ஆரம்பிக்கும் நாளிலிருந்துதான் அரசுக் காப்பீடு. செப்டம்பர் ஒன்று பணி, ஆகஸ்ட் 25 விமானம் என்றால் நடுவில் இருக்கும் நாட்களுக்கு டிராவல் இன்ஷூரன்ஸ் எடுத்துவிடுங்கள். பாஸ்போர்ட் சைஸ் போட்டோ கட்டுக்கட்டாக எடுத்துக் கொடுத்து அனுப்ப வேண்டியதில்லை. 2025 மே முதல் கார்டுக்கு டிஜிட்டல் போட்டோதான், அலுவலகத்திலேயே எடுத்தால் 6 யூரோ.

விசா அடுத்த மாசம் முடியுது, அப்பாயின்ட்மென்ட்டே கிடைக்கல. சட்டவிரோதமா ஆயிடுவேனா அக்கா?

அதிகம் வரும் கேள்வி இதுதான், அதுவும் ராத்திரி பதினொரு மணிக்கு வரும். பதற வேண்டாம். விசா முடிவதற்கு முன்னால் விண்ணப்பித்துவிட்டால், அவர்கள் முடிவு சொல்லும்வரை உங்கள் பழைய உரிமை அப்படியே தொடரும். அப்பாயின்ட்மென்ட் நாள் தள்ளிப்போவது உங்கள் தப்பில்லை. ஆனால் விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது என்பதற்கு ஆதாரம் வேண்டும். ஆன்லைன் படிவம் இருந்தால் அதன் ரசீது, இல்லாவிட்டால் மெயில் அனுப்பிய நகல், எதற்கும் ஒரு பதிவுத் தபால். ‘நேரம் கிடைக்கவில்லை’ என்று மட்டும் மெயில் போடாதீர்கள், ‘இத்துடன் வசிப்பு அனுமதிக்கு விண்ணப்பிக்கிறேன்’ என்று எழுதி ஒப்பந்தத்தையும் பாஸ்போர்ட் நகலையும் சேர்த்து அனுப்புங்கள்.

அதற்கப்புறம் ஒரு மடித்த தாள் கொடுப்பார்கள், ஃபிக்ஷன் சான்று என்று நம்ம ஆட்கள் சொல்வது, 13 யூரோ. உள்ளே மூன்று கட்டங்கள் இருக்கும். மூன்றாவது கட்டத்தில் குறி போட்டிருக்கிறதா பாருங்கள். பழைய அனுமதி தொடர்கிறது என்று அர்த்தம், வேலைக்குப் போகலாம், ஊருக்குப் போய்த் திரும்பவும் வரலாம். முதல் கட்டத்தில் குறி இருந்தால் வெளியே போனால் அந்தத் தாளை வைத்துத் திரும்பி வர முடியாது. எனக்கு முதலில் தப்பான கட்டத்தில் போட்டுவிட்டார்கள். கவுன்டரிலேயே விரித்துப் பார்த்ததால் அப்போதே மாற்றி வாங்க முடிந்தது. வீட்டுக்கு வந்து பார்த்திருந்தால் இன்னொரு அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்க வேண்டியிருக்கும்.

வீக்எண்ட்ல ரெஸ்டாரன்ட்ல பார்ட் டைம் பண்ணலாமா? எல்லாரும் பண்றாங்க.

எல்லாரும் என்பது மாணவர்களாக இருக்கும், அவர்களுடைய அனுமதி வேற. கார்டோடு சேர்த்து ஒரு பச்சைத் தாள் தருவார்களே, அதை எடுத்துப் படியுங்கள். என் தாளில் இரண்டே வரி: இன்ன இல்லத்தில் தன்னார்வப் பணி அனுமதிக்கப்படுகிறது, வேறு வேலை அனுமதிக்கப்படவில்லை. பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். வேறு வேலை வேண்டுமென்றால் அந்த வரியை அலுவலகம் மாற்றித் தர வேண்டும், பணி இடமும் சம்மதிக்க வேண்டும். கையில் காசு தருகிறேன் என்று கூப்பிடும் நம்ம ஊர் ஹோட்டல்கள் உண்டு. பிடிபட்டால் ஹோட்டல்காரருக்கு அபராதத்தோடு போகும், உங்களுக்கு அடுத்த அனுமதியே போகலாம்.

இங்க ட்ரீட்மென்ட் சரியில்ல, தரை துடைக்க மட்டும்தான் விடுறாங்க. வேற இடம் மாறலாமா?

மாறலாம், ஆனால் வரிசை முக்கியம். பச்சைத் தாளில் இருப்பது அந்த ஒரு இடத்தின் பெயர். விலகினால் நிறுவனம் நாலு வாரத்துக்குள் வெளிநாட்டவர் அலுவலகத்துக்குத் தெரிவித்தாக வேண்டும், பணி இல்லையென்றால் அனுமதியின் காலத்தை அவர்கள் சுருக்கலாம். அதனால் முதலில் உங்கள் அமைப்பில் உங்களுக்கென்று இருக்கும் பொறுப்பாளரிடம் பேசுங்கள். தன்னார்வலர்களுக்கு வருஷத்துக்கு 25 நாள் செமினார் இருக்கிறதே, அங்கே நேரில் சொல்வது இன்னும் எளிது. புதிய இடமும் புதிய ஒப்பந்தமும் கைக்கு வந்த பிறகு அலுவலகத்தில் மாற்றி எழுதச் சொல்லுங்கள், அது முடிந்த பின் அங்கே வேலையை ஆரம்பியுங்கள். கோபத்தில் ராஜினாமா மெயில் அனுப்பிவிட்டு அப்புறம் எனக்கு போன் செய்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் ஊரில் இருக்கிறார்.

ஒரு வருஷம் முடிஞ்சதும் இன்னொரு பிஎஃப்டி போடலாமா?

வழக்கமாக 12 மாதம், 18 மாதம் வரை நீட்டலாம். எஃப்எஸ்ஜே செய்த மாதங்களும் இதில் கழியும், அதனால் இதில் ஒரு வருஷம் அதில் ஒரு வருஷம் என்று தாவ முடியாது.

முடிஞ்சதும் அவுஸ்பில்டுங் போகணும். இந்தியா திரும்பி வந்து விசா எடுக்கணுமா?

உண்மையில் பாதிப்பேர் இதற்காகத்தான் வருகிறார்கள், நானும்தான். அவுஸ்பில்டுங், அதாவது தொழிற்பயிற்சிக்கான ஒப்பந்தம் கையில் இருந்தால் இங்கிருந்தே அனுமதியை மாற்றலாம், திரும்ப வேண்டியதில்லை. வேலைவாய்ப்பு முகமையின் சம்மதத்தை அலுவலகமே கேட்டு வாங்கும். மொழி பொதுவாக பி1, நர்சிங்குக்குப் பல பள்ளிகள் பி2 எதிர்பார்க்கின்றன. படிப்புக்கு மாறுவதென்றால் பல்கலைக்கழக அனுமதியோடு முடக்கப்பட்ட கணக்கில் (மாதாமாதம் ஒரு அளவுக்குமேல் எடுக்க முடியாத பேங்க் கணக்கு) ஒரு வருஷத்துக்கு 11,904 யூரோ காட்ட வேண்டும். பாக்கெட் மணியில் சேர்த்து அதைக் கட்டியவரை நான் பார்த்ததில்லை.

சிக்கல் இடைவெளியில்தான். பணி ஆகஸ்ட் 31-ல் முடியும், கார்டும் அன்றைக்கே முடியும், பயிற்சி அக்டோபரில் ஆரம்பிக்கும். இதற்கும் மேலே சொன்ன அதே வழிதான்: கார்டு முடிவதற்குள் கையெழுத்தான ஒப்பந்தத்தோடு விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும். அந்த ஒரு மாதம் எதில் சாப்பிடுவது, எங்கே தங்குவது என்பதையும் முன்னாலேயே பேசிவிடுங்கள், இல்லத்து அறையைப் பணி முடிந்ததும் காலி செய்யச் சொல்வார்கள். எங்கள் இல்லம் எனக்குப் பணியையே செப்டம்பர் கடைசி வரை ஒரு மாதம் நீட்டிக்கொடுத்தது. கேட்டதால் கிடைத்தது. மே மாதமே கேட்டேன், ஆகஸ்டில் கேட்டிருந்தால் நடந்திருக்காது.

லீவுல பாரிஸ் போலாமா? பொங்கலுக்கு ஊருக்கு?

டி விசாவிலும் சரி, கார்டிலும் சரி, மற்ற ஷெங்கன் நாடுகளில் (பொது விசா முறை உள்ள ஐரோப்பிய நாடுகள்) 180 நாளில் 90 நாள் வரை சுற்றலாம். லண்டன் இதில் சேராது. ஊருக்கும் போகலாம், கார்டு வருவதற்கு முன்னால் என்றால் ஃபிக்ஷன் சான்றில் மூன்றாவது கட்டத்தில் குறி இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் அனுமதி தானாகவே காலாவதியாகும்.

கல்யாணம் ஆயிடுச்சு, வைஃபையும் கூட்டிட்டுப் போலாமா?

பாக்கெட் மணியில் இரண்டு பேர் வாழ முடியும் என்று காட்டவே முடியாது. இந்த ஒரு வருஷத்துக்கு அந்த எண்ணத்தை விட்டுவிடுங்கள்.

ஊர் திரும்பினதும் கட்டின பென்ஷன் பணத்தை வாங்கிக்கலாம்னு சொல்றாங்களே, எவ்ளோ வரும்?

ஒன்றும் வராது. இந்திய பிரஜைகளுக்குப் பென்ஷன் பணம் திரும்பக் கிடைக்கும் என்பது பொதுவாக உண்மைதான், ஆனால் நீங்கள் உங்கள் பையிலிருந்து கட்டிய பங்கு மட்டும்தான் திரும்பும். தன்னார்வப் பணியில் இரண்டு பங்கையும் நிறுவனமே கட்டுகிறது, பாக்கெட் மணியில் பிடித்தமே இல்லை. ‘நான் வாங்கித் தருகிறேன், 10 சதவீதம் கமிஷன்’ என்று வருபவரிடம் இதைச் சொல்லுங்கள். இங்கேயே தங்குகிறவர்களுக்கு அந்த மாதங்கள் பென்ஷன் கணக்கில் சேரும்.

நான் யாழ்ப்பாணம். எனக்கும் இதே விதிதானா?

ஜெர்மனிக்குள் எல்லாம் ஒன்றுதான். விசா மட்டும் கொழும்பிலுள்ள ஜெர்மன் தூதரகத்தில். உங்களில் சிலர் ஐரோப்பிய ஒற்றுமைப் படை என்ற ஐரோப்பிய ஒன்றியத்தின் இளைஞர் தன்னார்வத் திட்டத்தைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள், அதில் தன்னார்வலராகச் சேரும் நாடுகளில் இந்தியாவும் இலங்கையும் இல்லை.

விசா ரிஜெக்ட் ஆயிடுச்சு. மேல்முறையீடு பண்ணலாமா?

பழைய வீடியோக்களில் ‘ரெமான்ஸ்ட்ரேஷன்’ என்று ஒன்று சொல்வார்கள், தூதரகத்துக்கே கடிதம் எழுதி மறுபரிசீலனை கேட்பது. 2025 ஜூலை 1 முதல் அதை நிறுத்திவிட்டார்கள். இப்போது இரண்டே வழி: ஒரு மாதத்துக்குள் பெர்லின் நிர்வாக நீதிமன்றத்தில் வழக்கு, அல்லது புதிதாக விண்ணப்பம். வழக்கு போட உரிமை உண்டு. ஆனால் தீர்ப்பு வருவதற்குள் உங்கள் பணி இடம் வேறொருவருக்குப் போயிருக்கும், கொடுத்தே ஆக வேண்டிய அனுமதியும் இது இல்லை.

அதனால் மறுப்புக் கடிதத்தை எடுத்து எந்தக் காரணம் என்று பாருங்கள். வாழ்வாதாரம் போதவில்லை என்றால், அறையும் சாப்பாடும் சேர்த்து எவ்வளவு என்று நிறுவனத்திடம் எழுதி வாங்கிப் புதிய விண்ணப்பத்தில் வையுங்கள். நோக்கம் நம்பும்படி இல்லை என்றால், மோட்டிவேஷன் லெட்டரை இந்தத் தடவை நீங்களே எழுதுங்கள், ஜெர்மன் தப்பும் தவறுமாக இருந்தாலும் பரவாயில்லை. பணி தொடங்கும் தேதியைத் தள்ளிவைக்க முடியுமா என்று இல்லத்திடம் அன்றைக்கே கேளுங்கள். தேதி கடந்துபோன ஒப்பந்தத்தை வைத்து மறுபடி விஎஃப்எஸ்ஸில் போய் நின்றால் இன்னொரு 75 யூரோதான் போகும்.